எக்ஸ்ட்ரெமாதுராவில் பறவை பார்க்க: எந்த நேரத்தில் எங்கே நிற்பது

ஹெசரகட்டா புல்வெளியில் காலை 6 மணிக்கு நின்று பழகிய பெங்களூர்க்காரர்கள் ஸ்பெயினில் முதல் நாளே தடுமாறிவிடுவார்கள். போர்ச்சுகலை ஒட்டிய எக்ஸ்ட்ரெமாதுராவில் ஏப்ரல் நடுவில் சூரியன் எழவே ஏழே முக்கால் ஆகிறது. மறைய இரவு 9. உச்சிவெயில் கடிகாரத்தில் இரண்டரை மணிக்கு. இந்தக் கணக்குப் பிடிபட்டால்தான் பறவைகள் பிடிபடும்.

வெளிச்சம் வந்ததும் சமவெளிக்குப் போங்கள். ட்ருஹீயோவுக்கும் சாந்தா மார்தா தெ மகாஸ்காவுக்கும் இடையிலான புல்வெளிச் சாலைகளில் கிரேட் பஸ்டர்டைத் தேடலாம். நம் கானமயிலின் உறவு. ஆண் 10 கிலோவைத் தாண்டும். இணையைக் கவரும்போது சிறகுகளைத் திருப்பி உடம்பெல்லாம் வெள்ளையாகிவிடும். தூரத்தில் வெள்ளாடு மாதிரித் தெரிவதை ஆடு என்று விட்டுவிடாதீர்கள், ஸ்கோப்பை (தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் தொலைநோக்கி) திருப்பிப் பாருங்கள். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைதான் இந்த ஆட்டம். மே மாதம் புல் உயர்ந்து பறவை உள்ளே மறைந்துவிடும். அதன் சிறிய உறவான லிட்டில் பஸ்டர்ட் இப்போது மிகவும் அருகிவிட்டது. ஒன்று கிடைத்தாலும் தூரத்திலேயே நின்று பாருங்கள்.

காரை விட்டு இறங்க வேண்டாம். கார் நின்றால் பஸ்டர்ட் பொறுத்துக்கொள்ளும், ஆள் இறங்கினால் ஓடும். ஜன்னல் கண்ணாடிமேல் பருத்தி விதையோ அரிசியோ நிரப்பிய துணிப்பையை வைத்து அதன்மேல் ஸ்கோப்பைச் சாய்த்தால் ஆடாது. 8x42 பைனாகுலர் தேடுவதற்கு, ஸ்கோப் உறுதி செய்வதற்கு. 11 மணிக்குமேல் கானல் எழுந்து எல்லாம் நெளியும். அப்போது 60 மடங்கு பெரிதாக்கினால் கானலும் சேர்ந்து பெரிதாகும். 25 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கானல் எழும் நேரம்தான் பாறுகளின் (பிணந்தின்னிக் கழுகுகளின்) நேரம். தரை சூடாகி அனல்காற்று மேலெழுந்தால்தான் அவ்வளவு பெரிய சிறகுகள் பறக்கும். ஆகவே மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவுக்கு 11 மணிக்குப் போனால் போதும். சால்தோ தெல் ஹிதானோ என்ற சாலையோரப் பார்வையிடத்தில் நின்றால் தாஹோ ஆற்றுக்கு அப்பால் பாறைச்சுவர் முழுக்க கிரிஃபன் பாறுகள். கருநாரையும் அதே பாறையில் கூடு கட்டும். ராமநகரத்தில் நாம் பார்க்கும் மஞ்சள்முகப் பாறு இங்கே கோடை விருந்தாளி.

கிரிஃபன், சினேரியஸ் என்ற இரண்டு வகைப் பாறுகளையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர். எதிர்வெயிலில் இரண்டுமே கறுப்பாகத்தான் தெரியும், அதனால் நிறத்தை நம்பாமல் சிறகின் பிடிப்பைப் பாருங்கள். வட்டமடிக்கும்போது கிரிஃபன் சிறகை 'V' போல மேலே தூக்கி வைக்கும். சினேரியஸ் பலகை மாதிரி நேராகவோ நுனி சற்றுத் தாழ்ந்தோ வைக்கும். முன்னது பாறையில் கூடு கட்டும், பின்னது மரத்தில். ஸ்பானிய ராஜாளிக்கு (இம்பீரியல் ஈகிள்) போர்தியா தெல் தியேதார் பார்வையிடத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி இந்தியாவில் பாறுகளை எப்படி அழித்தது என்று நமக்குத் தெரியும். 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தோம். அதே மருந்தை ஸ்பெயின் 2013இல் கால்நடைகளுக்கு அனுமதித்தது. மொன்ஃப்ராகுவேயின் அந்தப் பாறைச்சுவரை அண்ணாந்து பார்க்கும்போது இதை மறக்க முடியாது.

விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல் பயணம் என்றால் ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள், நம் லைசன்ஸும் கூடவே இருக்கட்டும். மாட்ரிட்டிலிருந்து ஏ-5 சாலையில் ட்ருஹீயோ சுமார் 250 கிலோமீட்டர். வலப்பக்கப் போக்குவரத்து, வலக்கையில் கியர். இரவு விமானத்தில் இறங்கிய கையோடு ஓட்டாதீர்கள்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காய்கறி என்று கேட்டு வாங்கிய தட்டிலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், "சின் ஹாமோன்" (ஹாம் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். தோர்தா தெல் காஸார் பாலாடைக்கட்டியைத் தயங்காமல் சாப்பிடலாம். அதில் பாலைத் திரிப்பது ஒரு முட்செடியின் பூ.

மாலை 7 மணிக்கு ட்ருஹீயோ காளைச்சண்டை அரங்கத்துக்கு வெளியே நில்லுங்கள். கூரை ஓடுகளுக்கு அடியில் கூடு வைத்திருக்கும் லெஸ்ஸர் கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறுகள் வெட்டுக்கிளியோடு திரும்பி வரும். அதற்கு ஸ்கோப்பே தேவையில்லை.