அலுமாரியில் இருப்பது எந்த வகைக் காணி உறுதி?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒருவர் கண்ணை மூடினால் காணிப் பேச்சு 31ஆம் நாள் கிரியை முடிந்த பிறகுதான் எழும். அது நல்ல வழக்கம். ஆனால் மரணப் பதிவு அதுவரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் இறந்தவருக்கு கிராம உத்தியோகத்தரிடம் அறிக்கை எடுத்து, 5 நாட்களுக்குள் பதிவாளரிடம் போய்விடுங்கள். அங்கே பெயரில் கவனம் தேவை. அடையாள அட்டையில் 'தங்கம்மா', உறுதியில் 'தங்கம்மாள்' என்று இருந்தால், பிறகு ஒவ்வொரு கந்தோரிலும் இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி நீட்ட வேண்டி வரும். உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே படிவத்தை நிரப்புங்கள். அத்தாட்சிப் பத்திரத்தில் ஐந்தாறு பிரதிகளாவது எடுத்து வையுங்கள்.

அடுத்து அலுமாரியைத் திறந்து உறுதிகளை வகை பிரியுங்கள். பிணக்குகளில் பெரும்பகுதி இதைச் செய்யாததால் வருவதுதான்.

நொத்தாரிசு முடித்த தனியார் காணி என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை கிழக்கு மாகாணத்துத் தமிழருக்குப் பொருந்தாது. மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் பழைய வழமையும் இன்று சட்டம் அல்ல. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, மரணசாதனம் (உயில்) எழுதாமல் இறந்தவரின் சொத்தில் பாதி கணவருக்கோ மனைவிக்கோ போகும். மற்றப் பாதி ஆண், பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சம பங்கு. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் தனியாக உண்டு.

எங்கட ஊர்களில் வீடு மகளுக்குத்தான். கலியாணத்தோடு அவள் குடியிருப்பாள், கிணறு கட்டுவாள், மதில் எழுப்புவாள், வரியும் கட்டுவாள். உறுதி மட்டும் தாயின் பெயரிலேயே கிடக்கும். தாய் இறந்த அன்றே அந்த வீட்டில் தகப்பனுக்கும் அண்ணன் தம்பிமாருக்கும் சட்டப்படி பங்கு வந்துவிடுகிறது. வாய்ச் சொல்லில் கொடுத்த சீதனம் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் முன் நிற்காது. காணி கைமாற வேண்டுமென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். தாய் உயிரோடு இருக்கும்போதே, தன் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு மகளுக்கு நன்கொடை உறுதி எழுதுவதே சரியான வழி. மகள் அதை ஏற்றுக்கொண்டதாக அதே உறுதியில் ஒப்பமிட வேண்டும். இந்த ஏற்பு இல்லாத நன்கொடை செல்லாமல் போகலாம். எழுதியதைக் காணிப் பதிவகத்தில் பதிந்ததும் உறுதிப்படுத்துங்கள்.

கல்லோயாக் குடியேற்றத்திலும் படுவான்கரையிலும் உள்ள பெர்மிட் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி), அரசு அளித்த ஜயபூமி, சுவர்ணபூமி உறுதிகளுக்கு மேலே சொன்ன பங்குக் கணக்கு எதுவும் செல்லாது. அவற்றை ஆள்வது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டம். மரணசாதனத்தில் எழுதினாலும் பயனில்லை. பின்னுரித்தாளரை (உரிமையாளருக்குப் பின் காணி சேர வேண்டியவரை) நியமித்து, அந்த நியமனத்தை உரிமையாளர் இறப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். படிவத்தில் ஒப்பம் வைத்துவிட்டுப் பதியாமல் விட்டவர்களின் பிள்ளைகள்தான் பிரதேச செயலகப் படியில் அதிகம் அலைகிறார்கள்.

மனைவியைப் பின்னுரித்தாளராக நியமிக்காமல் விட்டாலும் காணி அவரிடம் வரும். ஆனால் அவரால் அதைக் கைமாற்றவோ அடுத்தவரை நியமிக்கவோ முடியாது, மறுமணம் செய்தால் உரித்தும் போய்விடும். ஆகவே மனைவி பெயரையே எழுதுவதுதான் அவருக்குப் பாதுகாப்பு. உரித்து வருபவர் 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் தவறவிடுவது இதைத்தான். நியமனமே இல்லாத இடத்தில் மகனுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய வரிசை 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தத்தோடு நீங்கிவிட்டது. மகள்மார் இதை அறிந்திருக்க வேண்டும்.

வங்கிக் கணக்குக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் பின்னுரித்தாளர் பெயர் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், ஒன்றில் எழுதியது மற்றதற்கு உதவாது. ஓய்வூதியம் எடுத்தவர் இறந்தால் பிரதேச செயலகத்துக்கு உடனே அறிவியுங்கள். அவருடைய அட்டையால் பணம் எடுக்க வேண்டாம். இறந்த பின் வரவாகும் ஓய்வூதியத்தைத் திரும்ப அறவிடுவார்கள்.