கேள்வியை எங்கிருந்து தொடங்குவது

என் வேலை என்ன என்று சொன்னதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வருகிறது. "ஆட்டிசம் இருக்கிற பிள்ளைங்கதான் தீவிரவாதக் கும்பல்ல சுலபமா மாட்டிக்குவாங்களாமே, உண்மையா?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. எங்கோ ஒரு செய்தி படித்திருப்பார்கள், அது மனதில் தங்கியிருக்கும். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. அப்படிச் சொல்லப்பட்ட பதில்களால் காயப்பட்ட குடும்பங்களோடுதான் நான் வேலை செய்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவள். உளவியல் படித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தேன். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும்) போன்ற நரம்பியல் பன்மை உள்ள, அதாவது மூளை வேறு விதமாக இயங்கும் இளைஞர்களை வன்முறைக் குழுக்கள் எப்படி அணுகுகின்றன, அவர்களை எது காப்பாற்றுகிறது என்று ஆராயும் ஒரு குழுவில் களப்பணியை ஒருங்கிணைக்கிறேன். டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம்தான் என் களம். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த குடும்பங்கள் இங்கே நிறைய. இப்போது வீட்டில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. ஆனாலும் ஆயா (பாட்டி) இருக்கிற வீட்டில் தமிழ் இன்னும் கேட்கும். நான் தமிழ் பேசுகிறவள் என்று தெரிந்துவிட்டால் உள்ளறையிலிருந்து முதலில் எழுந்து வருவது அவர்தான்.

எண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயம் அங்கேதான் பிறக்கிறது. எமிலி கார்னர், பால் கில், ஆலிவர் மேசன் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். தனியாகச் செயல்பட்ட 153 பயங்கரவாதிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டியதில் 3.3 சதவீதத்தினருக்கு ஆட்டிசம் இருந்தது என்று அது சொன்னது. பொது மக்களிடையே சுமார் ஒரு சதவீதம் என்று வைத்தால் இது மூன்று மடங்கு. தலைப்புச் செய்திக்கு இது போதும். ஆனால் 153-இல் 3.3 சதவீதம் என்றால் ஐந்து பேர். ஐந்தே பேர். அவர்களில் இரண்டு பேரின் நோயறிதல் தவறாக இருந்தாலே அந்த 'மூன்று மடங்கு' கரைந்துவிடும்.

இதே கணக்கை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள். 2022 கணக்கெடுப்பின்படி டர்பனை உள்ளடக்கிய எத்தெக்வினி மாநகரில் சுமார் 42 லட்சம் பேர் இருக்கிறார்கள். நூற்றுக்கு ஒருவர் என்று எடுத்துக்கொண்டால் 42,000 பேர். ஆட்டிசத்தை ஓர் எச்சரிக்கை அடையாளமாக வைத்தால், யாரோ ஓரிருவரை, அல்லது இல்லவே இல்லாத ஒருவரைத் தேடி 42,000 வீடுகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். பயிற்சிக் கூட்டங்களில் இந்த எண்ணைப் பலகையில் எழுதும்போது அறையில் ஒரு மாற்றம் தெரியும். அதுவரை 'அவர்கள்' என்று பேசிக்கொண்டிருந்தவர்களில் சிலர் தங்கள் தம்பியையோ அக்கா மகனையோ நினைத்துக்கொள்வது முகத்திலேயே தெரிந்துவிடும்.

ஸ்டாக்ஹோமில் கிட்டத்தட்ட 2,95,000 இளைஞர்களின் பதிவுகளை வைத்து 2017-இல் வெளிவந்த ஆய்வையும் நான் விடாமல் சொல்வேன். மேலோட்டமாகப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ளவர்களிடம் வன்முறைக் குற்றத் தண்டனைகள் சற்று அதிகம்போலத் தெரிந்தது. கூடவே இருந்த ஏடிஹெச்டியையும் நடத்தைக் கோளாறையும் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு போய்விட்டது. அது தீவிரவாதத்தைப் பற்றிய ஆய்வு இல்லை, பொதுவான வன்முறையைப் பற்றியது. ஆனாலும் ஒரு காரணத்தை எவ்வளவு எளிதாகத் தவறான இடத்தில் ஒட்டிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் இந்த விவாதம் ரொம்ப தூரம் போயிருக்கிறது. அங்கே 2015-ஆம் ஆண்டுச் சட்டம், தீவிரவாதத்தின் பக்கம் போகக்கூடும் என்று தோன்றுகிறவர்களைக் கவனித்து 'பிரிவென்ட்' திட்டத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பைப் பள்ளிகளிடமும் மருத்துவமனைகளிடமும் ஒப்படைத்தது. அப்படி அனுப்பப்படுகிறவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் மிக அதிகம் என்று பயங்கரவாதச் சட்டங்களின் சுயாதீன மதிப்பாய்வாளர் ஜோனதன் ஹால் 2021-இல் பேசினார். அவர் அக்கறையோடுதான் பேசினார். ஆனால் இங்கே ஒரு சுற்று இருக்கிறது. வகுப்பில் ஒருவன் ஆயுதங்களின் வரலாற்றை மணிக்கணக்கில் பேசுகிறான், எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பது அவனுக்குப் புரிவதில்லை, மனதில் தோன்றியதை மறைக்கவும் தெரியவில்லை. ஆசிரியர் பயந்துபோய்த் தெரிவிக்கிறார். அதே எண்ணம் கொண்ட இன்னொருவன் சாமர்த்தியமாக மறைத்துக்கொள்வதால் யார் கண்ணிலும் படுவதில்லை. பிறகு, அனுப்பப்பட்டவர்களை எண்ணிப் பார்த்து, ஆட்டிசம் உள்ளவர்களே அதிகம் என்கிறோம். எண்ணிக்கை உண்மைதான். அது யாரைப் பற்றிச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

2020 அக்டோபரில் இங்கிலாந்தின் டார்பிஷயரில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி கைதானாள். 15 வயதில் பயங்கரவாதக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அவளுக்கு ஆட்டிசம் இருந்தது. நவநாஜிக் கொள்கை கொண்டவர்கள் அவளை வசப்படுத்தியிருந்தார்கள், அவர்களில் ஒருவன் அமெரிக்காவில் இருந்தவன். அவள் சுரண்டலுக்கு ஆளானவள் என்று அரசுத் துறையே முடிவு செய்த பிறகு குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. 2022 மே மாதம், 16 வயதில், ஒரு குழந்தைகள் இல்லத்தில் அவள் இறந்துபோனாள். புதிதாகக் குழுவில் சேருகிறவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இந்த வழக்கைப் பற்றித்தான். அவளை ஆபத்தாகப் பார்த்த கண்களுக்கு, அவள் ஆபத்தில் இருந்தது தெரியத் தாமதமாகிவிட்டது.

சரி, அப்படியென்றால் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடலாமா? அதையும் நான் சொல்ல மாட்டேன். சொன்னால், உதவி தேவைப்படும் ஒரு சில இளைஞர்களைக் கைவிட்டதாகிவிடும். தடயவியல் உளவியலாளர் ஜைனப் அல்-அத்தார் 2020-இல் எழுதியவை எனக்கு இந்த இடத்தில் பெரிய துணை. ஆட்டிசம் காரணமாவதில்லை, ஆனால் ஒருவர் எந்த வழியாக ஒரு குழுவை நோக்கிப் போகிறார், அங்கே அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய இயல்புகள் உதவும் என்பது அவர் நிலை. ஒரே விஷயத்தில் ஆழ்ந்துபோவது, விதிகளும் ஒழுங்கும் தேவைப்படுவது, பிறரோடு பேசிப் பழகுவதில் உள்ள சிரமம், ஓசையும் வெளிச்சமும் உண்டாக்கும் அழுத்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றும் இரு பக்கமும் போகக்கூடியது. ஒருவரைப் பலவீனப்படுத்துகிற அதே இயல்பு இன்னோர் இடத்தில் அவருக்குக் காப்பாகிறது.

இதை நான் ஏட்டில் படித்ததைவிட ஒரு கோவிலில் நன்றாகப் பார்த்தேன். தைப்பூசக் காவடிக்கு இங்கே கூட்டம் எப்படி இருக்கும் என்பது வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் காதை மூடும் பெரிய ஹெட்போன் போட்டுக்கொண்டு, யார் காவடி எத்தனையாவது, யாருடைய பால்குடம் எங்கே என்று அத்தனையையும் நினைவிலிருந்தே சொல்வார். கோவில் கமிட்டி அண்ணன்மார்கள் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் ஓடுவார்கள். ஒழுங்கு, விதி, திரும்பத் திரும்ப வருவது, தனக்கென்று ஒரு வேலை, தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர். ஆள் சேர்க்கும் குழு ஒரு தனிமையான பையனுக்குத் தருவதாக வாக்களிப்பதும் கிட்டத்தட்ட இவைதான். இவருக்கு அவை முன்பே கிடைத்துவிட்டன. ஆகவே எங்கள் ஆய்வில் 'இவருக்கு என்ன குறை' என்ற பகுதியைவிட 'இவருக்கு எங்கே இடம் இருக்கிறது' என்ற பகுதி நீளமானது.

கேள்வித்தாளை நாங்கள் மட்டும் உட்கார்ந்து எழுதவில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சிலர் ஆலோசகர்களாக, சம்பளத்தோடு, ஆரம்பத்திலிருந்தே இருக்கிறார்கள். சம்பளம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி இருக்கும் அறிவை இலவசமாகக் கேட்டு வாங்கும் பழக்கம் ஆய்வுலகில் அதிகம். எங்களுக்கு மாதிரியாக வந்த ஒரு பழைய படிவத்தில் "உங்களுக்கு வழக்கத்துக்கு மாறான ஆர்வங்கள் உண்டா?" என்று இருந்தது. ஆலோசகர்களில் ஒருவர், கணினித் துறையில் வேலை பார்ப்பவர், உடனே கேட்டார்: "யாரோட வழக்கத்துக்கு?" அடுத்தது "உங்களுக்கு நண்பர்கள் இருக்கிறார்களா?" அவருக்கு ரயில்களைப் பற்றிப் பேச ஐந்து நாடுகளில் நண்பர்கள் இருக்கிறார்கள், யாரையும் நேரில் பார்த்ததில்லை. அந்தப் படிவத்தில் அவர் தனிமையானவர் என்று பதிவாகியிருப்பார். அவர் சொல்லி நாங்கள் சேர்த்த கேள்வி இது: "யாராவது உங்களிடம் ஒன்றைச் செய்யச் சொல்லி, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றதுண்டா? அப்போது யாரிடம் போனீர்கள்?" எங்களுக்குக் கிடைத்த மிக உபயோகமான பதில்கள் இந்தக் கேள்விக்கு வந்தவைதான். பலர் யாரிடமும் போகவில்லை. பள்ளியில் அடி வாங்கியதைச் சொன்னபோதே யாரும் கேட்கவில்லை, இதை எதற்குச் சொல்ல என்று நினைத்திருக்கிறார்கள்.

ஒப்புதல் வாங்குவதுதான் இந்த வேலையில் மிகவும் கனமான பகுதி. சாட்ஸ்வொர்த்தில் ஒரு தாய் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு நேராகக் கேட்டார். "மா, நாளைக்கு இந்தப் பேப்பர் போலீஸ் கையில போச்சுன்னா? எம் பையன் பேரு அதுல இருந்தா?" நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்காவின் 2004-ஆம் ஆண்டு பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் பயங்கரவாதக் குற்றம் செய்தவர் அல்லது செய்ய நினைப்பவர் என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தாலோ, அப்படிச் சந்தேகிக்கப்படுபவர் இருக்கும் இடம் தெரிந்தாலோ தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காமல் விட்டால் அதுவும் குற்றம். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் ரகசியமாக வைத்திருப்போம் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்க முடியாது. பேட்டி தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுகிறோம். யாருடைய பெயரும் வேண்டாம், யாராவது ஏதாவது திட்டமிட்டார்களா என்று நாங்கள் கேட்க மாட்டோம், அப்படிப் பேச்சு அந்தப் பக்கம் போனால் நிறுத்தி எல்லையை நினைவுபடுத்துவோம். பெயர்ப் பட்டியல் ஒரு பூட்டிலும் பேட்டிகள் வேறொரு பூட்டிலும் இருக்கும். இங்கே எல்லோரும் போப்பியா என்று சொல்கிற 2013-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றைத் தனிக் கவனம் தேவைப்படும் தகவல்களாக வைக்கிறது. எங்கள் ஆய்வில் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

அந்தத் தாயின் மகனுக்கு 20 வயது தாண்டிவிட்டது. அவர் மகனுக்காகக் கையெழுத்துப் போடத் தயாரான நிலையில் நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். "ஆன்ட்டி, இது அவர் முடிவு, அவர்கிட்டயே கேட்போம்" என்றேன். எளிய வாக்கியங்களும் படங்களும் உள்ள படிவத்தை அந்த மகன் இரண்டு வாரம் வைத்திருந்தார். பிறகு, பள்ளி நாட்களைப் பற்றி மட்டும் பேசுவேன், இணையத்தைப் பற்றிப் பேச மாட்டேன் என்று எழுதித் தந்தார். அப்படியே செய்தோம். அவருக்குத் தன் எல்லையைத் தானே போடத் தெரிந்திருந்தது என்பது அந்தப் பேட்டியில் நான் பதிவு செய்த முதல் தகவல்.

ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர், ஆய்வுக்கு எந்த மசூதிகளில் ஆள் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். இந்த நாட்டில் 2002 அக்டோபரில் சொவேட்டோவில் குண்டு வைத்தது பூர்மாக் என்ற வெள்ளையர் வலதுசாரிக் குழு. 2018 மே மாதம் வெருலமில் மசூதிக்குள்ளேயே புகுந்த சிலர் ஒருவரைக் கொன்றார்கள். அங்கே முஸ்லிம்கள் தாக்கப்பட்டவர்கள். 2021 ஜூலை கலவரத்தில் நாட்டில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபீனிக்ஸில் மட்டும் 36 கொலைகள் நடந்தன, பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். எங்கள் இந்தியக் குடும்பங்கள் வாழும் தெருக்களிலேயே தடுப்பு போட்டு நின்றவர்களிடமிருந்து அந்த வன்முறையின் ஒரு பகுதி வந்தது. அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்திகளை அப்படியே நம்பிப் பல நாள் தூங்காமல் இருந்த இளைஞர்களைப் பற்றிக் குடும்பங்கள் சொல்லியிருக்கின்றன. பொய்ச் செய்தியைச் செய்தவர்களும் பரப்பியவர்களும் வேறு ஆட்கள். ஒரு மதத்தையோ ஒரு மூளையமைப்பையோ நோக்கி விளக்கைத் திருப்பினால் இதெல்லாம் இருட்டில் போய்விடும். அந்த அதிகாரிக்கு நான் இதைத்தான் பொறுமையாகச் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

நிதி தருபவர்கள் தரப்பிலிருந்து ஒரு கோரிக்கை இன்னும் இருக்கிறது. ஆசிரியர்கள் சரிபார்க்க ஓர் அடையாளப் பட்டியல் வேண்டுமாம்: தனிமை, ஒரே விஷயத்தில் ஈடுபாடு, கண்ணைப் பார்த்துப் பேசாமை, திடீர்க் கோபம். இதைப் பட்டியலாக அச்சடித்தால் ஒரு வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு குழந்தையும் அதில் விழும். அதற்குப் பதிலாக ஆலோசகர்களோடு சேர்ந்து ஒரு சிறு கையேடு எழுதியிருக்கிறோம். கொடுமைப்படுத்தப்படும் மாணவரிடம் எப்படிப் பேசுவது, இணையத்தில் புதிதாக வந்து ரகசியம் காக்கச் சொல்லும் பெரியவர்களைப் பற்றி எப்படிக் கேட்பது, நோயறிதலுக்கு எங்கே அனுப்புவது, சந்தேகம் வந்தால் முதலில் குடும்பத்தோடும் மாணவரோடும் பேச வேண்டிய விஷயங்கள் எவை, உடனடி ஆபத்து என்றால் மட்டும் எதை யாருக்குத் தெரிவிப்பது, இவ்வளவுதான் அதில். அடுத்த பள்ளித் தவணையில் ஃபீனிக்ஸில் ஆசிரியர்களோடு அதைப் பயன்படுத்திப் பார்க்கப் போகிறோம். பட்டியலும் கூடவே இருக்கட்டுமே என்று போன வாரம் மறுபடியும் மின்னஞ்சல் வந்தது. பட்டியல் இருந்தால் என் பெயர் அந்த அறிக்கையில் இருக்காது என்று பதில் எழுதியிருக்கிறேன்.