கட்டுவிரியன் விஷமும் நரம்பு நுனியும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும், தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களும் கட்டுவிரியன் பாம்புக்கடி பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் நரம்பு தசையை எப்படி இயக்குகிறது என்று பார்ப்போம். ஓய்விலிருக்கும் நரம்புசெல்லின் உட்பக்கம் சுமார் -70 மில்லிவோல்ட். அது -55 அளவுக்கு ஏறினால் சோடியம் வாயில்கள் திறந்து, ஒரு மில்லிவினாடிக்குள் +30 வரை தாவும். அந்தத் துடிப்பு நரம்பு நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே பாயும், தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே கொட்டும், தசை சுருங்கும்.

நல்லபாம்பு விஷம், தசைப்பக்கத்தில் இந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிகளை அடைக்கிறது. மருத்துவமனையில் அட்ரோபினோடு நியோஸ்டிக்மின் என்ற மருந்தைப் போட்டால் பெரும்பாலும் பலன் தெரியும். கட்டுவிரியனோ நரம்பு நுனியையே சிதைக்கிறது. எதிர்விஷ மருந்து ரத்தத்தில் ஓடும் விஷத்தைத்தான் பிடிக்கும், சிதைந்த நுனியைச் சரிசெய்யாது. அது மறுபடி வளர நாட்கள், சில நேரம் வாரங்கள். அதுவரை மூச்சுக்கு வென்டிலேட்டர்தான்.

கட்டுவிரியன் கடித்தால் கடிவாயில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை சரியும், பார்வை இரண்டாகும், எச்சில் விழுங்க முடியாது. கேஸ் டிரபுள் என்று சோடா கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கயிற்றுக் கட்டு, கீறல், பச்சிலை எதுவும் வேண்டாம். அசையவிடாமல் இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று: கண் திறக்காமல், கை அசையாமல் கிடப்பவருக்கும் காது கேட்கும். உயிர் போய்விட்டது என்று பேசிவிடாதீர்கள்.