சனிக்கிழமை மண், ஞாயிற்றுக்கிழமை தார்

மார்ச் 14, வெள்ளி, இரவு

நாளை மலைப்பாதைப் பந்தயம், நாளை மறுநாள் ரோடு பந்தயம். இரண்டுக்கும் பெயர் கொடுத்த அன்று இருந்த வீறாப்பு இப்போது இல்லை. இரண்டு சைக்கிளையும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒன்றை 29 இஞ்ச் என்கிறோம், மற்றதை 700 சி என்கிறோம். ஆனால் டயர் உட்காரும் விளிம்பு இரண்டிலும் 622 மி.மீ. விட்டம்தான். வித்தியாசமெல்லாம் ரப்பரிலும் காற்றிலும். மலைச் சைக்கிளுக்குக் காற்றழுத்தம் 22 பி.எஸ்.ஐ. வைத்தேன், கட்டைவிரலுக்கு அமுங்கும். ரோடு டயர் 28 மி.மீ., 70 பி.எஸ்.ஐ., தட்டினால் விரல்தான் வலிக்கும்.

சாயங்காலம் மலைச் சுற்றை நடந்தே பார்த்தேன். பாறை இறக்கத்தில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். 'ஏ லைன்' நேராகக் கீழே விழுகிறது. 'பி லைன்' வளைந்து போகிறது, பத்து விநாடியாவது கூடும். எனக்கு பி போதும். மானம் போனாலும் எலும்பு மிஞ்சட்டும்.

மார்ச் 15, சனி

ராத்திரி மழை. பாதை முழுக்க வழுக்கல்.

ஆரம்பத்தில் கடைசி வரிசையில் நின்றேன். முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் வெறிபிடித்த மாதிரி மிதிப்பது ஏனென்று ஒற்றையடிப் பாதை வந்ததும்தான் புரிந்தது. அங்கே ஒருவர் வழுக்கினால் பின்னால் முப்பது பேர் நிற்க வேண்டும். நின்றேன். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்தேன்.

இரண்டாம் சுற்றில் நன்றாகத்தான் போனது, ஆறு பேரையாவது தாண்டியிருப்பேன். அந்தத் தைரியத்தில் பாறை இறக்கத்தில் ஏ லைனைப் பிடித்தேன். இறங்கியும்விட்டேன்! இறங்கின இடத்தில் ஒரு கூர்க்கல். புஸ்ஸென்று சத்தம், வெள்ளைத் திரவம் காலெல்லாம் தெறித்தது. டயருக்குள் ஊற்றியிருக்கும் அந்தத் திரவம் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துவிடும். இது அரை விரல் நீளக் கிழிசல்.

உடைந்ததைப் பந்தயக்காரன் தானே சரிசெய்ய வேண்டும், வெளியாள் கை வைக்க அனுமதி டெக் ஜோனில், அதாவது பழுது பார்க்கக் கோடு போட்டு ஒதுக்கிய இடத்தில், மட்டும். வளைவுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில், அந்த ஜோனுக்குள், நண்பன் பெரிய பம்போடு நிற்பது மரங்களுக்கு நடுவே தெரிந்தது. அவனும் என்னைப் பார்த்துவிட்டான். இரண்டு அடி முன்னால் வந்தான், நடுவர் பக்கம் திரும்பிப் பார்த்தான், பழையபடி கோட்டுக்குள் போய் நின்றுகொண்டான். அந்த முகத்தை மறக்க முடியாது.

கை நடுக்கத்தோடு ரப்பர் திரியைக் கிழிசலில் குத்தி நுழைத்தேன். காற்றடிக்கிற கேஸ் குப்பியில் பாதி வெளியே போனது, பாதி உள்ளே போனது. மெதுவாக உருட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டியதும் அவன் பேசவே இல்லை, பம்ப் அடித்துத் தள்ளினான்.

அப்புறம் 80 சதவீத விதி. முன்னணி ஆளின் முதல் சுற்று 15 நிமிடம் என்றால், அவரைவிட 12 நிமிடம் பின்தங்கினாலே வெளியே எடுத்துவிடுவார்கள். நான்காம் சுற்று முடிவில் நடுவர் கையைக் காட்டினார். முடிவுப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'இரண்டு சுற்று குறைவு'.

மார்ச் 16, ஞாயிறு

நகக்கண்ணில் மண்ணோடு ரோட்டில் நின்றேன். 80 கி.மீ.

முதல் அரைமணி நேரத்தில் இரண்டு முறை திட்டு வாங்கினேன். பள்ளத்தைக் கண்டதும் நேற்றைய பழக்கத்தில் சட்டென்று விலகினேன். மலையில் அது கெட்டிக்காரத்தனம். இங்கே பின்சக்கரத்தை ஒட்டி வருகிற பத்துப் பேரும் விழுவார்கள். கையை நீட்டிப் பள்ளத்தைக் காட்ட வேண்டும், நேர்கோட்டை விடக்கூடாது.

காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 40 கி.மீ. வேகத்தில் கால் உழைப்பில் பெரும்பங்கை அதுவே தின்றுவிடுகிறது. ஆனால் கூட்டத்துக்கு நடுவே அதே வேகத்தில் சும்மா உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. நேற்று என் நண்பனே எனக்கு உதவ முடியவில்லை. இன்று என்னைத் தோற்கடிக்க வந்தவர்கள் எனக்குக் காற்றை உடைத்துக் கொடுத்துக்கொண்டு போகிறார்கள்!

55-ஆவது கி.மீ. வாக்கில் திறந்த வெளி, பக்கக்காற்று. முன்னணி ஆட்கள் சாய்வாக விசிறி மாதிரி விரிந்தார்கள். ரோட்டின் அகலத்துக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்களோ அத்தனை பேருக்குத்தான் காற்றிலிருந்து மறைவு. மற்றவர்கள் ஓரத்துக் கோட்டில் ஒற்றை வரிசையாகத் தொங்க வேண்டியதுதான். எனக்கு முன்னால் ஒருவர் விட்டார், ஒரு மீட்டர் இடைவெளி. கண்சிமிட்டுவதற்குள் பத்து மீட்டர்.

மிஞ்சிய ஐந்து பேர் சேர்ந்தோம். நால்வர் முறைவைத்து முன்னால் வந்து இழுத்தோம். ஐந்தாமவர் ஒரு தடவைகூட முன்னால் வரவில்லை. மூச்சு வாங்குகிறதாம். கடைசி 200 மீட்டரில் அந்த மூச்சு எங்கிருந்து வந்ததோ, எங்கள் நால்வரையும் தாண்டிப் போனார். விதியில் தப்பில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

மார்ச் 17, திங்கள்

மண்ணால் முன்கை வலி, தாரால் கழுத்து வலி. மாடிப்படி இறங்கும்போது இரண்டும் இல்லை, தொடைதான்.

மலைச் சைக்கிளைக் கழுவினேன். ரப்பர் திரி டயரின் பல்வரிசைக்கு நடுவே துருத்திக்கொண்டு அப்படியே இருக்கிறது. அளந்து பார்த்தேன். 21 பி.எஸ்.ஐ.