யார் தலையில் விடியும்?

சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் இடர் மேலாண்மைக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. எங்கள் மூலம் சிறிய அளவில் இயந்திர உதிரிபாகங்களை அனுப்பியிருந்த வாடிக்கையாளர் பேசினார். அவருடைய சரக்கு ஏறியிருந்த கப்பலில், அவருடைய கண்டெய்னருக்கு வெகு தூரத்தில், தீப்பிடித்திருந்தது. தீயை அணைத்துக் கப்பலைத் துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவருடைய பெட்டிகளில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அவற்றை எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால் சரக்கின் மதிப்பில் கணிசமான பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்று கப்பல் உரிமையாளர் தரப்பிலிருந்து அவருக்குக் கடிதம் போயிருந்தது. "என் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே, நான் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. சட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.

கடல் வணிகத்தில் ஜெனரல் ஆவரேஜ் என்றொரு மிகப் பழைய வழக்கம் உண்டு. கப்பலையும் சரக்கையும் பொதுவான ஆபத்திலிருந்து காப்பாற்றுவதற்காக வேண்டுமென்றே செய்யப்படும் செலவுகளையும் இழப்புகளையும், பிழைத்த சொத்துக்கு உரியவர்கள் அனைவரும் அவரவர் சொத்தின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைக்கும் யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகளின்படிதான் அந்தப் பங்கு கணக்கிடப்படுகிறது. 2018 மார்ச் 6 அன்று அரபிக் கடலில் மேர்ஸ்க் ஹோனம் கப்பல் தீப்பற்றி ஐந்து மாலுமிகள் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகு சரக்கு உரிமையாளர்களிடம் மீட்புச் செலவுக்காக 42.5 சதவீதமும் ஜெனரல் ஆவரேஜுக்காக 11.5 சதவீதமும், ஆக மொத்தம் 54 சதவீதம் பிணையாகக் கேட்கப்பட்டது. ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கை வைத்திருந்தவர் 54,000 டாலருக்கு வழி சொன்னால்தான் அது அவர் கைக்கு வரும். சரக்குக் காப்பீடு எடுத்திருந்தவருக்கு இது ஒரு கையெழுத்தோடு முடிகிற வேலை. அவருடைய காப்பீட்டு நிறுவனம் உத்தரவாதக் கடிதம் கொடுத்துவிடும். எடுக்காதவர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஒரே கண்டெய்னரில் இருபது பேரின் சரக்கைச் சேர்த்து அனுப்பும்போது இன்னொரு சங்கடமும் வந்து சேரும்: இருபதாவது ஆள் பிணை கொடுக்கும்வரை மற்ற பத்தொன்பது பேரின் பெட்டிகளும் வெளியே வராது. எங்களை அழைத்தவர் அப்படிப்பட்ட ஓர் இருபதாவது ஆள். மீதிப் பத்தொன்பது பேரும் அன்றாடம் எங்களைத்தான் திட்டினார்கள்.

அவர் ஏன் காப்பீடு எடுக்கவில்லை என்று பிறகு நிதானமாகக் கேட்டேன். "உங்களைப் போன்ற பெரிய நிறுவனத்திடம் இல்லாத காப்பீடா?" என்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் நான் செய்த வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தைச் சமாளிப்பதாகவே இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

எங்களிடம் பெரிய தொகைக்குக் காப்பீடு இருந்தது உண்மைதான். ஆனால் அது எங்கள் பொறுப்புக்கு எடுத்த காப்பீடு. அவருடைய சரக்குக்கு எடுத்தது அல்ல. எங்கள் தவறால் சரக்கு கெட்டுப்போனால், சட்டப்படி நாங்கள் எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோமோ அந்த அளவுக்கு மட்டும் அது கைகொடுக்கும். அந்த அளவை முதலில் தீர்மானிப்பது சரக்கின் விலை அல்ல, எடை என்று சொன்னால் வாடிக்கையாளர்கள் நம்ப மறுப்பார்கள். ஒரு முறை விமானத்தில் அனுப்பிய 40 கிலோ எடையுள்ள மின்னணுச் சர்க்யூட் பலகைகள் காணாமல் போயின. விலை 60,000 டாலர். மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி அப்போதிருந்த உச்சவரம்பு கிலோவுக்கு 22 எஸ்.டி.ஆர். (2024 டிசம்பர் 28 முதல் அது 26 ஆகியிருக்கிறது.) எஸ்.டி.ஆர். என்பது முக்கியமான சில நாணயங்களின் கூட்டு மதிப்பை வைத்துச் சர்வதேச நாணய நிதியம் கணக்கிடுகிற அலகு. நாற்பதை இருபத்திரண்டால் பெருக்கினால் 880 எஸ்.டி.ஆர்.; அதாவது ஏறத்தாழ 1,200 டாலர். அந்தத் தொகைக்கான கடிதத்தை எழுதி அனுப்பிய நாளில் எனக்கே கூச்சமாக இருந்தது. சட்டப்படி அது முழு இழப்பீடு.

கடல் வழியில் கணக்கு இன்னும் விசித்திரமானது. ஹேக்-விஸ்பி விதிகள் ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது என்கின்றன. 48 அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கட்டிய, 400 கிலோ எடையுள்ள ஒரு பேலட்டை, அதாவது சரக்கை அடுக்கும் மரத்தட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் எழுத்தர் "ஒரு பேலட்" என்று மட்டும் எழுதியிருந்தால் எங்கள் பொறுப்பு 800 எஸ்.டி.ஆரோடு நின்றுவிடும். அதே எழுத்தர் "ஒரு பேலட், 48 அட்டைப்பெட்டிகள்" என்று எழுதியிருந்தால் அது 32,000 எஸ்.டி.ஆருக்கு ஏறிவிடும். ஆவணப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்தக் கணக்கைத்தான் முதலில் பலகையில் எழுதுவேன். தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை உண்டு என்பதை வேறெந்த விளக்கமும் இவ்வளவு சீக்கிரம் புரியவைத்ததில்லை.

இந்த வரம்புகள் எங்களுக்குக் கவசம். அந்தக் கவசத்தைக் கழற்றிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் எங்கள் விற்பனைப் பிரிவினரே. பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் கொள்முதல் துறை அனுப்பிய ஒப்பந்தம் ஒன்று, அறுபது பக்கத்துக்கும் மேல் இருக்கும், கையெழுத்துக்கு முந்தின நாள் மாலையில் என் மேசைக்கு வந்தது. நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு, தரவுப் பாதுகாப்பைப் பற்றிய பத்திகளுக்கு நடுவே, சேவை வழங்குபவர் சரக்கின் முழு மதிப்புக்கும் அதனால் நேரும் எல்லா விளைவு இழப்புகளுக்கும் வரம்பின்றிப் பொறுப்பாவார் என்று ஒரு வரி இருந்தது. ஒரு பெட்டி உதிரிபாகம் வராமல் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசை நின்றால், நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் பொறுப்புக் காப்பீடோ, சர்வதேச உடன்படிக்கைகளும் எங்கள் வழக்கமான வணிக நிபந்தனைகளும் விதிக்கிற பொறுப்பை மட்டுமே ஏற்கும். நாமாக முன்வந்து ஒப்பந்தத்தில் தலையைக் கொடுத்தால் அதற்கு முன்னதாகவே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். விற்பனைப் பிரிவின் தலைவர், "இதெல்லாம் நடக்கவா போகிறது?" என்றார். அந்த ஒப்பந்தத்தில் ஓர் ஆண்டுக்கு வரக்கூடிய லாபத்தை ஒரு தாளிலும், உற்பத்தி வரிசை இரண்டு நாள் நின்றால் கொடுக்க வேண்டியதை இன்னொரு தாளிலும் எழுதி அவர் முன்னால் வைத்தேன். வேறொன்றும் பேசவில்லை.

முடிவில் வாடிக்கையாளரே தம் சரக்குக்குக் காப்பீடு எடுத்துக்கொள்வது என்றும், அவருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் அவர் இடத்தில் நின்று எங்கள்மேல் வழக்குத் தொடுக்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது என்றும் பேசி முடித்தோம். இரண்டாவது நிபந்தனை இல்லாவிட்டால் முதலாவதால் எங்களுக்குப் பெரிய பயன் இல்லை. முன்வாசலில் வராத கோரிக்கை கொல்லைப்புறமாக வந்து நிற்கும், அவ்வளவுதான்.

இவ்வளவும் அலுவலக அறைக்குள் நடப்பவை. சேதத்தை நேரில் பார்ப்பது வேறு அனுபவம். துணி ஏற்றிய கண்டெய்னர் ஒன்று நனைந்து வந்திருக்கிறது, கடல்நீர் புகுந்திருக்கிறது என்று கோரிக்கை வந்தபோது, சேதத்தை ஆய்வு செய்யும் சர்வேயருடன் நானும் போனேன். அவர் முதலில் செய்த காரியம், காலியான கண்டெய்னருக்குள் நுழைந்து கதவை வெளியிலிருந்து மூடச் சொன்னது. நானும் உள்ளே நின்றேன். கும்மிருட்டு, ஈர அட்டையின் வாடை. கூரையிலோ பக்கவாட்டிலோ ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தாலும் வெளிச்சம் கீற்றாக உள்ளே விழும். விழவில்லை. பிறகு நனைந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். உப்பு இருந்தால் அது பால் போல வெளுக்கும். வெளுக்கவில்லை. நனைத்தது கடல்நீர் இல்லை என்பது அந்த ஒரு சொட்டில் தெரிந்துவிட்டது.

அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஈரப்பத மானியை மரப் பேலட்டில் குத்திப் பார்த்தார். 30 சதவீதத்தைத் தாண்டியது. நன்றாக உலர்ந்த மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பகல் வெப்பத்தில் மரத்திலிருந்து ஆவியாகும் ஈரம், இரவில் குளிர்ந்த இரும்புக் கூரையில் பட்டுத் துளித்துளியாகத் திரும்பச் சொட்டும். இந்தத் தொழிலில் இதைக் கண்டெய்னர் மழை என்பார்கள். பேலட்டில் வெப்பச் சிகிச்சை செய்யப்பட்டதற்கான முத்திரை பளிச்சென்று இருந்தது. ஆனால் அந்த முத்திரை, மரத்தின் மையப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டுப் பூச்சிகள் கொல்லப்பட்டன என்பதற்குத்தான் சான்று. மரம் உலர்ந்தது என்பதற்கு அல்ல. எங்கள் கிடங்கு ஆட்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஈரப் பேலட்டுகளை வாங்கி அடுக்கியிருந்தார்கள். வாடிக்கையாளரின் சரக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு எங்களைத் தேடி வந்தது. கண்டெய்னரைக் கட்டி அடைத்தது நாங்கள் என்பதால் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. கேட்ட தொகை எங்கள் பாலிசியில் நாங்களே தாங்க வேண்டிய ஆரம்பத் தொகைக்குள் அடங்கிவிட்டதால், எங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து ஒரு காசும் வரவில்லை. அதை அந்தக் கிடங்கின் கணக்கிலேயே பற்று வைத்தேன். தலைமை அலுவலகத்தின் பொதுக் கணக்கில் இழப்புகள் கரைந்துகொண்டிருந்தவரை எந்தக் கிளையும் ஈரப்பத மானி வாங்கியதில்லை. அந்த மாதம் மூன்று கிளைகள் வாங்கின.

காப்பீடு எங்கே நின்றுபோகிறது என்பதைப் போரும் தாமதமும் எனக்குக் கற்றுக் கொடுத்தன. சரக்குக் காப்பீட்டில் போர் ஆபத்துக்கான பாதுகாப்பு, பொதுவாகச் சரக்கு கப்பலில் இருக்கும் காலத்துக்கு மட்டுமே உண்டு. கரையில் இறங்கிக் கிடங்குக்குள் போய்விட்டால் அது கிடையாது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும், எந்தக் கண்டெய்னர் கப்பலில் இருக்கிறது, எது கரையில் இருக்கிறது என்று இரவு பகலாகப் பட்டியல் போட்டோம். 2023 நவம்பர் 19 அன்று கேலக்ஸி லீடர் கப்பல் செங்கடலில் கைப்பற்றப்பட்டதற்குப் பிறகு, கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பருவம் தவறி வந்த சரக்கின் நஷ்டத்துக்கு யார் கொடுப்பார்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். சரக்குக் காப்பீட்டில் வழக்கமாகப் பயன்படும் இன்ஸ்டிட்யூட் சரக்கு நிபந்தனைகளில் மிக விரிவான 'ஏ' பிரிவுகூடத் தாமதத்தால் வரும் இழப்பை வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. காப்பீடு செய்யப்பட்ட ஓர் ஆபத்தே அந்தத் தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலும் அப்படித்தான். "எல்லா ஆபத்துகளும்" என்ற பெயரில் அதை விற்பவர்கள் இந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டுவதை நான் பார்த்ததில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பாலிசியைப் புதுப்பிக்கும் பேச்சில், காப்பீட்டு நிறுவனத்துக்காக ஆபத்தை எடைபோட்டு பிரீமியத்தைத் தீர்மானிக்கும் அண்டர்ரைட்டர்கள் ஐந்தாண்டு இழப்புப் பட்டியலைப் புரட்டிவிட்டு, உங்கள் கிடங்குகளில் எதில் அதிக மதிப்புள்ள சரக்கு இருக்கிறது என்று கேட்பார்கள். நாங்கள் ஆண்டுச் சராசரியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2015 ஆகஸ்ட் 12 அன்று சீனாவின் தியன்ஜின் துறைமுகத்தில் அபாயகரமான ரசாயனங்கள் வைத்திருந்த கிடங்கு வெடித்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 173 பேர் பலியானார்கள். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் நடுவே அங்கே நின்றிருந்த புதிய கார்கள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. ஒரே இடத்தில் அந்த நாளில் எவ்வளவு மதிப்பு குவிந்திருந்தது என்பது காப்பீட்டு நிறுவனங்களுக்கே பிறகுதான் தெரியவந்தது. வெடிக்கிற கிடங்கு சராசரி நாளைத் தேர்ந்தெடுத்து வெடிப்பதில்லை என்பதால், எங்கள் கிடங்கு ஒவ்வொன்றிலும் ஆண்டிலேயே மிக நிரம்பிய நாளின் மதிப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். எட்டு மாதம் ஆயிற்று. சரக்கின் எண்ணிக்கையும் எடையும் எங்கள் கணினியில் இருந்தன. விலை இல்லை, ஏனென்றால் அது எங்கள் சரக்கே அல்ல. வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்கினோம். பண்டிகைக் கால விற்பனைக்கு முந்தைய வாரத்தில் ஒரு கிடங்கில் மட்டும், எங்கள் பாலிசி ஓர் இடத்துக்கு அனுமதித்த உச்சத் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சரக்கு இருந்தது தெரிந்தது. அதில் பாதியை வேறு கட்டடத்துக்கு மாற்ற ஏற்பாடு செய்துவிட்டு, அடுத்த புதுப்பித்தலின்போது புதிய எண்ணை அண்டர்ரைட்டரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பிரீமியம் ஒரு டாலர்கூடக் குறையவில்லை.