திங்கட்கிழமை ரெண்டு மணி

"அக்கா, இந்த ரத்து டெஸ்ட் திங்கக்கிழமை விடியக்காலை ரெண்டு மணிக்கு மட்டும்தான் விழுகுது. கவனிச்சீங்களா?"

எங்கள் மென்பொருள் குழுவில் இருக்கும் அவள் கேட்டது இவ்வளவுதான். நானும் நீளமாக ஒன்றும் பதில் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபுல் பேக்கப் ஓடும்ல, அதான் டேட்டாபேஸ் இழுக்குது. விழுந்தா தானாத் திரும்ப ஓடுற மாதிரி மூணு ரீட்ரை போட்டு விட்டுரும்மா." அவள் ஒரு நொடி நின்றாள். அப்புறம் "சரிங்கக்கா" என்று போய் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு நொடியை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

மருத்துவமனைகளில் வரிசை எண் கொடுக்கும் எங்கள் டோக்கன் மென்பொருளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடும்படி டெஸ்ட்களை, அவற்றைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் போட்டு வைத்திருந்தோம். ராத்திரியும் ஓடும், சனி ஞாயிறும் ஓடும். ஒரு தடவை சரியாக ஓடுகிறதா என்பது மட்டும் எங்கள் கேள்வி இல்லை. நாள்கணக்கில் ஓடினாலும் தாங்குமா என்று தெரிய வேண்டும். அதில் டோக்கனை ரத்து செய்யும் டெஸ்ட் ஒன்று மட்டும் அவ்வப்போது சிவப்பாகும், திரும்ப ஓட்டினால் பச்சையாகிவிடும். இப்படி வீண் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால் குழுவில் யாரும் மெயிலைத் திறக்க மாட்டார்கள். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே ரீட்ரை போடச் சொன்னதில் நியாயமே இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மூன்றில் ஒன்று பாஸானால் பாஸ். நிறைய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பொங்கல் லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை, மதுரையில் அந்த மென்பொருள் ஓடுகிற ஒரு மருத்துவமனையில் டோக்கன் அப்படியே நின்றுபோனது. இலந்தைகுளத்திலிருந்து நானும் இன்னொருவரும் கிளம்பிப் போனோம். உள்ளே நுழைந்தபோது வாட்ச்மேன், தினசரி காலண்டரில் கிழித்த பழைய தாள்களின் பின்பக்கம் பேனாவால் நம்பர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்ன ஒரு பெரியவர் 63 என்று எழுதிய தாளை நாலாக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். என் தோளில் லேப்டாப் பையைப் பார்த்ததும், "ரத்தம் எடுக்கணும் தாயி, வெறும் வயித்தோட வந்திருக்கேன். இன்னும் நேரமாகுமா?" என்றார். "இந்தா ஆச்சுங்கய்யா" என்றேன். அப்போது எனக்கே ஒன்றும் தெரியாது.

சர்வரை நிறுத்தித் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. காரணம் பிடிபட அன்று சாயங்காலம் ஆனது. இரண்டு கவுண்டரில் ஒரே டோக்கனை ஒரே நேரத்தில் ரத்து செய்தால் பிழை வரும். அந்தப் பாதையில் மட்டும், டேட்டாபேஸோடு பேச எடுத்த கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டிருந்தோம். இப்படிப்பட்ட இணைப்புகளைச் சேர்த்து வைத்துக் கேட்பவருக்குக் கொடுக்கும் ஹிகாரி பூலில், நாமாக மாற்றாவிட்டால் இருக்கும் அளவு 10 கனெக்‌ஷன். ஒவ்வொன்றாகக் கசிந்து ஒன்றிரண்டுதான் மிச்சம் என்கிற நிலையில், கேட்பவர் 30 நொடி காத்திருந்து பிழையோடு திரும்புவார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டால் ஒருவேளை கிடைக்கும். ரீட்ரையில் பச்சையானது அதனால்தான். கசிவைக் காட்டிக் கொடுக்கும் அமைப்பும் அதிலேயே உண்டு. இயல்பில் 0, அதாவது அணைந்திருக்கும். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை.

திங்கட்கிழமைக்கும் காரணம் இருந்தது. வேலை நாட்களில் யாராவது புரோகிராமில் புது கோடு சேர்த்தால் புது பில்ட் ஏறும், டெஸ்ட் சர்வர் மறுபடி தொடங்கும், கசிந்ததெல்லாம் திரும்ப நிரம்பிவிடும். வெள்ளி சாயங்காலம் தொடங்கி திங்கள் காலை ஒன்பது மணி வரைதான் அதை யாரும் தொடாமல் விடுவோம். நாள்கணக்கில் தாங்குமா என்று நாங்கள் உண்மையில் சோதித்தது அந்த அறுபது சொச்சம் மணி நேரத்தில் மட்டும்தான். அதன் முடிவைத்தான் அவள் என் மேஜைக்குக் கொண்டுவந்தாள். மருத்துவமனையில் கிறிஸ்துமஸிலிருந்து பொங்கல் வரை புது ரிலீஸ் எதுவும் போடவில்லை. அதனால் சர்வரும் மறுபடி தொடங்கவே இல்லை.

அந்த பேக்கப்பைப் பிறகு போய்ப் பார்த்தேன். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் திங்கள் 2 மணி என்றுதான் இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் சர்வர் யூடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, ஜென்கின்ஸை நாங்கள் இந்திய நேரத்துக்கு மாற்றி வைத்திருந்தோம். அங்கே ரெண்டு மணி என்றால் நமக்குக் காலை ஏழரை. டெஸ்ட் விழுந்து ஐந்தரை மணி நேரம் கழித்துத்தான் பேக்கப்பே தொடங்கியிருக்கிறது. எது எப்போது ஓடியது என்று பதிவாகும் லாகைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அன்று என் மேஜையில் வேறு மூன்று வேலை கிடந்தது, உண்மைதான். பார்த்திருந்தாலும் பேக்கப் இல்லை என்று மட்டும்தான் தெரிந்திருக்கும், கசிவு தெரிந்திருக்காது என்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அவளிடம் அந்த பதிலைச் சொல்லியிருக்க முடியாது. "அப்ப நீயே தோண்டிப் பாரு" என்றாவது சொல்லியிருப்பேன். அவள் தோண்டக்கூடியவள்.

காரணம் தெரிந்த அன்று குழுவில் எல்லோர் முன்னாலும், "இதை இவ முன்னாடியே சொன்னா, நான்தான் கேக்கல" என்று சொன்னேன். அவள் குனிந்து கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்னது அவளுக்காகவா, என் மனசு ஆறவா என்று அன்றிரவு வீட்டில் யோசித்தேன். பதில் பிடிபடவில்லை.

ரீட்ரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இரண்டே மாதத்தில் வீண் சிவப்பு மறுபடி குவிந்தது, மெயிலைத் திறப்பவர்களும் குறைந்தார்கள். போன வாரம் அவளே வந்தாள். "அக்கா, ரிப்போர்ட் டெஸ்ட்டுக்கு மட்டும் ரீட்ரை போட்டுக்கவா? நெட்வொர்க்தான் பிரச்சனை, லாக் பாத்துட்டேன்."

லாகை என்னிடமும் காட்டச் சொல்லலாமா, சொன்னால் அவளை நம்பவில்லை என்று ஆகிவிடுமா என்று யோசித்தேன். "ஒண்ணு போடு. முதல் தடவை விழுந்ததையும் ரிப்போர்ட்ல தனியா காட்டு" என்றேன்.

"சரிங்கக்கா" என்றாள். இந்த முறை அவள் தயங்கியது போலத் தெரியவில்லை. ஆனாலும் அவள் நாற்காலிக்குப் போய் உட்காரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.