நிலம் எங்களுடையது, டிரெய்லர் யாருடையது?

அமெரிக்காவின் வட கரோலினாவில் ஊருக்கு வெளியே நிலம் வாங்கப் போகிறவர்கள் விளம்பரத்தில் ஒரு வரியைப் பார்த்திருப்பீர்கள்: "பழைய மொபைல் ஹோம் ஒன்று உள்ளது, மதிப்பு எதுவும் இல்லை." மொபைல் ஹோம் என்றால் சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்துகிற, டிரெய்லர் என்றும் சொல்கிற வீடு. அந்த வரியைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். எங்களுக்கு அது பல மாதங்களைத் தின்றது. இத்தனைக்கும் இடிக்க ஒரு பகல்பொழுதுதான் ஆனது. மீதி அத்தனையும் காகிதத்துக்காக அலைந்தது.

கேரி நகரிலிருந்து கிழக்கே, புகையிலை வயல்கள் ஆரம்பிக்கிற பக்கத்தில் நானும் மச்சானும் சேர்ந்து வாங்கிய நிலம். அதன் நடுவில் ஒரு சிங்கிள்வைடு (ஒற்றை அகல) டிரெய்லர், 14 அடி அகலம், 70 அடி நீளம். 2018-ல் ஃப்ளோரன்ஸ் புயல் வந்தபோது உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது. அதற்கப்புறம் யாரும் அதில் குடியிருக்கவில்லை. தரைப் பலகை ஊறி உப்பி, கால் வைத்தால் உள்ளே போனது. கூரை ஒரு பக்கம் தொங்கியது, சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"ஒரு எக்ஸ்கவேட்டர் கூப்பிட்டா காலைல இடிச்சு சாயங்காலம் அள்ளிடலாம் மாப்ளே" என்றார் மச்சான். கவுண்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் இடிப்பதற்கான பெர்மிட் கேட்கப் போனோம். கவுன்டரில் இருந்த அம்மா நிலப்பத்திரத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். "நிலத்தைப் பற்றி நான் கேட்கவே இல்லையே. டிரெய்லரின் டைட்டில் எங்கே?"

விஷயம் இதுதான். இந்த மாநிலத்தில் மொபைல் ஹோம் பிறக்கும்போது வண்டிதான். காருக்கு இருப்பதுபோல டி.எம்.வி. (மோட்டார் வாகனத் துறை) தரும் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், உண்டு. இழுத்துச் செல்லும் கொக்கி, சக்கரம், அச்சு எல்லாவற்றையும் கழற்றி, நிரந்தர அஸ்திவாரத்தில் உட்கார வைத்து, டைட்டிலை ஒப்படைத்து ரத்து செய்து, அதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்தால்தான் காகிதத்தில் அது நிலத்தோடு சேரும். எங்கள் டிரெய்லரில் கொக்கி துருப்பிடித்து நீட்டிக்கொண்டே இருந்தது. ஆக, நிலம் எங்களுடையது, அதன் மேல் நிற்பது வேறு யாருடைய வண்டியோ. நிலத்தை வாங்கித் தந்த ரியல்டரிடம் கேட்டால் "பொதுவாக யாரும் இதைக் கேட்பதில்லை" என்கிறார். கிரயத்தை முடித்துக் கொடுத்த வக்கீலும் மூச்சு விடவில்லை. இருவருக்கும் கமிஷனும் கட்டணமும் போய்ச் சேர்ந்துவிட்டன, அது வேறு விஷயம்.

டைட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று தேட, வண்டியின் அடையாள எண்ணான வி.ஐ.என். வேண்டும். 1976 ஜூன் 15-க்குப் பிறகு கட்டியதென்றால் வெளிச்சுவரில் ஒரு சிறிய சிவப்புத் தகடு இருக்கும், அது மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட்டின் முத்திரை. உள்ளே சமையலறை அலமாரிக் கதவிலோ மின்சாரப் பெட்டி பக்கமோ ஒரு விவரத்தாள் ஒட்டியிருப்பார்கள். எங்களுடையதில் யாரோ வெளிச்சுவரை மாற்றியபோது தகடு போய்விட்டது, தாளை ஈரம் தின்றுவிட்டது. கடைசி வழி, முன்பக்கக் கொக்கிக்குப் பின்னால் இருக்கும் முதல் குறுக்கு இரும்பு. எண்ணை அதில் குத்தியிருப்பார்கள். நீளக் கம்பு, டார்ச், கம்பி பிரஷ், முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். காப்பர்ஹெட் என்ற விஷப் பாம்புகளுக்கு இந்த மாதிரி அடிப்பகுதி ரொம்பப் பிடிக்கும். துருவைச் சுரண்டி, சாக்பீஸ் தேய்த்து, சாய்வாக டார்ச் அடித்துப் படம் எடுத்தால் எழுத்து தெரியும். ஐ.பி.டி.எஸ். என்ற நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஹட் முத்திரை விவரத்துக்குச் சான்றுக் கடிதம் தருகிறது. ஆனால் அதற்கும் ஏதாவது ஒரு எண்ணை நாம் கொடுக்க வேண்டும்.

எண் கிடைத்தது, பெயரும் வந்தது. அந்தப் பெரியவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. கூடவே டைட்டிலில் ஒரு பேங்கின் லீனும் (கடன் தீரும் வரை சொத்தின் மேல் பேங்குக்கு உள்ள பிடி) இருந்தது. அந்த பேங்கும் இப்போது இல்லை.

பெரியவரின் மகள் வேறு மாநிலத்தில் இருந்தார். போனில் பேசினால் நல்ல மனுஷி. "அதை எடுத்துப் போகிறவருக்கு நானே காசு கொடுப்பேன்" என்று சிரித்தார். சொத்துக்கான கோர்ட் நடைமுறை எதுவும் நடக்காத நிலையில் வாரிசுகள் டைட்டிலை மாற்றிக் கொடுக்க எம்.வி.ஆர்.-317 என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை கவுண்டி கோர்ட்டின் கிளார்க் சான்றளிக்க வேண்டும். டி.எம்.வி. கவுன்டரில் இதை யாரும் சொல்லவில்லை. முதலில் இருந்தவர் "வக்கீலைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். கோர்ட் கிளார்க் அலுவலகத்தில் ஒரு வயதான பெண்மணி இழுப்பறையைத் திறந்து, நாங்கள் பாதி சொல்லும்போதே அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினார். அவருக்குக் கோயில் கட்டலாம்.

பேங்க் விஷயத்துக்கு ஒரு குறிப்பு. பேங்க் டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு தரும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஐ.சி.யின் தளத்தில் பேங்க்ஃபைண்ட் என்று ஒரு தேடல் இருக்கிறது. பழைய பேங்கின் பெயரைப் போட்டால் அது எதோடு இணைந்தது, பிறகு அது எதோடு இணைந்தது என்ற வம்சாவளி முழுக்க வரும். கடைசி வாரிசாக இருக்கிற பெரிய பேங்கின் கால் சென்டரில் மட்டும் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். "லோன் நம்பர் என்ன?" என்பார்கள். செத்துப்போனவரின் பழைய லோன் நம்பர் எனக்கு எப்படித் தெரியும்? லீன் ரிலீஸ் பிரிவு என்று தனியாக இருக்கும், அதன் தபால் முகவரியைக் கேட்டு வாங்கி, டைட்டில் விவரத்தையும் எஃப்.டி.ஐ.சி. பக்கத்தின் நகலையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வந்தது, ஆனால் மின்னஞ்சலில். டி.எம்.வி.யில் "அசல் வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஆகவே கடிதத்திலேயே "கையெழுத்திட்ட அசலைத் தபாலில் அனுப்பவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது வரி. டிரெய்லர் அசையும் சொத்தாகப் பெரியவர் பெயரில் இருந்ததால் வருடா வருடம் வரி ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அதைக் கட்டினால்தான் வரி பாக்கி இல்லை என்ற சீட்டு, சீட்டு வந்தால்தான் பெர்மிட் என்றார் கவுன்டரில் இருந்த இளைஞர். அவர் நீட்டிய பட்டியல் அவர் வயதை விடப் பழையதாக இருந்தது. இங்கேதான் எனக்கு ஒரு குட்டி வெற்றி. இந்த மாநிலச் சட்டத்தில் 105-378 என்ற பிரிவு, கட்ட வேண்டிய தேதியிலிருந்து 10 வருடத்துக்குள் நடவடிக்கை தொடங்காத சொத்து வரியை வசூலிக்க முடியாது என்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவர் படித்தார், கணினியைத் தட்டினார், பழைய வருடங்கள் பட்டியலிலிருந்து மறைந்தன. மிச்சம் கட்டியது ஒரு நல்ல ஓட்டல் சாப்பாட்டுச் செலவுதான். இளைஞர் எங்களைப் பார்க்கவே இல்லை.

இதற்கு நடுவே பக்கத்து நிலத்துக்காரர் "கொளுத்திவிடுங்கள், நாங்கள் அப்படித்தான் செய்வோம்" என்றார். செய்யாதீர்கள். வீட்டுக் கழிவு, பிளாஸ்டிக், ரப்பர் எதையும் திறந்தவெளியில் எரிப்பது இங்கே சட்டவிரோதம். செடி கொடியாக வளராத எதையும் எரிக்காதே என்பதுதான் மாநிலக் காற்றுத் தரத் துறையின் பிரசாரமே. தீயணைப்புப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பார்த்தோம், மறுத்துவிட்டார்கள். கைவிடப்பட்ட மொபைல் ஹோம்களை அகற்றத் தாங்களே திட்டம் வைத்துக்கொள்ள கவுண்டிகளுக்கு 2008-ல் ஒரு மாநிலச் சட்டம் வழி செய்தது. எங்கள் கவுண்டி அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் கவுண்டியில் அந்த மாதிரி உதவி உண்டா என்று திடக்கழிவுத் துறையில் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இடிப்பதற்கு முன் செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் (உடம்புக்குக் கெடுதலான நார்) சோதனை சிக்கலில்லாமல் முடிந்தது. மாநில அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரா என்று மட்டும் பாருங்கள்.

கான்ட்ராக்டர்கள் சொன்ன தொகைகள் 3,500 டாலரிலிருந்து 9,000 வரை இருந்தன. மிகக் குறைவாகச் சொன்னவரிடம் "எந்த லேண்ட்ஃபில்லுக்கு (குப்பைக் கிடங்கு) கொண்டு போவீர்கள்?" என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். அந்த ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேளுங்கள். காட்டு ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனால், குப்பையில் கிடக்கும் ஒரு பழைய கடித உறையை வைத்துக்கொண்டு உங்கள் நிலத்தைத்தான் தேடி வருவார்கள். கடைசித் தவணைப் பணத்தை லேண்ட்ஃபில் தரும் எடைச் சீட்டுகள் கைக்கு வந்த பிறகுதான் கொடுப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம்.

நாங்கள் அமர்த்திய கான்ட்ராக்டர் ஒழுங்கான ஆள்தான், ஆனாலும் முதல் லோடு திரும்பி வந்தது. கட்டட இடிபாடுகளுக்கான லேண்ட்ஃபில்லில் வீட்டுக் குப்பை எடுக்க மாட்டார்கள். மெத்தை, துணி, சமையலறைச் சாமான் எல்லாம் இடிபாட்டோடு கலந்து கிடந்தன. போதாக்குறைக்கு இரண்டு டயரும் ஒரு ஃப்ரிட்ஜும். முழு டயர், ஃப்ரிட்ஜ், டி.வி. எதையும் இந்த மாநிலத்தில் லேண்ட்ஃபில்லில் போடக் கூடாது. எடைமேடையில் இருந்தவர் லாரிக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையாலேயே திரும்பிப் போகச் சொன்னாராம். போக வர டீசல் தண்டம், அதை யார் தலையில் கட்டுவது என்று அரை நாள் வாக்குவாதம். பாதிப் பாதி என்று முடிந்தது. எனவே இயந்திரம் வருவதற்கு முன்பே உள்ளே இருப்பதை முழுக்கக் காலி செய்யுங்கள். ஃப்ரிட்ஜ், ஏ.சி., அடுப்பு ஆகியவற்றை கவுண்டி மையத்தில் கட்டணமில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள், ஏனென்றால் புதிது வாங்கும்போதே அதற்கான வரியைக் கட்டிவிடுகிறோம். சுவரில் பழைய உருண்டை தெர்மோஸ்டாட் இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கும், அதை உடைக்காமல் தனியாகக் கொடுங்கள்.

அடிச்சட்டத்தின் இரும்பையும் அச்சுகளையும் பழைய இரும்புக் கடைக்கு மச்சான் கொண்டுபோனார். அங்கேயும் டைட்டிலைக் கேட்டார்கள்! எடுத்துக் காட்டியபோது மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. செப்டிக் டேங்கை நாங்கள் மூடவில்லை. சுகாதாரத் துறையில் காட்டி அப்படியே வைத்துக்கொண்டோம், புதிதாகப் போடுவதென்றால் டிரெய்லர் செலவையே தாண்டும். கிணற்றையும் மின்கம்பத்தையும் அதே மாதிரி. இடிக்கிறவரிடம் இவற்றைச் சுற்றி ஆரஞ்சு வேலி கட்டிக் காட்டிவிடுங்கள், கனமான இயந்திரம் டேங்க் மேல் ஏறினால் அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. இந்த மாநிலத்தில் ஜனவரி 1 அன்று இருக்கிற சொத்துக்குத்தான் அந்த வருட வரி. நாங்கள் டிசம்பரிலேயே முடித்துவிட்டோம். ஆனாலும் அடுத்த கோடையில் வரி பில் வந்தது, இல்லாத டிரெய்லருக்கு, இப்போது எங்கள் பெயரில். எடைச் சீட்டுகள், பெர்மிட், தேதியோடு வெறும் நிலத்தின் படம் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். ரத்து செய்துவிட்டதாகக் கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தையும் கோப்பில் சேர்த்துவிட்டேன், அடுத்த வருடமும் பில் வந்தால் தேவைப்படும்.